மௌரீன் தட்டில் என்ன வைப்பது

லாயிட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் ஒருத்தரிடம் கேட்டுவிட்டு நிறுத்த மாட்டான். மூன்று பேரைக் கேட்பான். கேட்பதோடு விட்டாலும் பரவாயில்லை, மூன்று பேர் சொன்னதையும் செய்வான். வேனில் கடகடவென்று சத்தம் வந்தால் ஒரு மெக்கானிக் சொன்னான் என்று புஷ் மாற்றுவான், இன்னொருத்தன் சொன்னான் என்று ஷாக் அப்சார்பர் மாற்றுவான், மூன்றாவது ஆள் சொன்னான் என்று டயரைக் கழற்றி இடம் மாற்றிப் போடுவான். சத்தம் நின்றுவிடும். எதனால் நின்றது என்று அவனுக்குத் தெரியாது. அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. நின்றதா, போதும்.

லிங்கராஜபுரத்தில் பிறந்து, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, டெம்போவில் கிளீனராக ஏறி, பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தவன். இப்போது வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வரும் வேன் ஓட்டுகிறான். காலையில் கொண்டுபோய் இறக்குவான், சாயங்காலம் திரும்ப ஏற்றுவான். நடுவில் கம்பெனி கேட்டுக்கு எதிரே மரத்தடியில் மற்ற டிரைவர்களோடு உட்கார்ந்து ஊர் வம்பு பேசுவான். பெண்டாட்டி மௌரீன் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற இடத்தில் மெஷின் ஓட்டினாள். இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுச் செய்துகொண்ட காதல் கல்யாணம். வருஷங்கள் போயின. இரண்டு தடவை கரு நின்று, இரண்டு தடவையும் தங்காமல் போனது. இனிமேல் இல்லை என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவு கட்டியிருந்தார்கள். அவளுடைய முப்பத்தாறாவது வயதில் மறுபடி நின்றது. இந்த முறை தங்கியது.

அதனால் இந்தப் பிள்ளை விஷயத்தில் லாயிட்டின் கை எப்போதும் ஹாரன் மேலேயே இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏழாம் மாசம் முடிகிற சமயத்தில் மௌரீனுக்குச் செருப்பு ஏறவில்லை. கல்யாண மோதிரம் விரலில் இறுகிப்போய், சோப்பு போட்டுத்தான் கழற்ற வேண்டியிருந்தது. முகம் காலையில் பன் மாதிரி உப்பியிருந்தது. "நீர் எறங்கியிருக்கு, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றாள் லாயிட்டின் அக்கா எமல்டா. அடுத்த தெருவில் இருப்பவள், ஸ்கூலில் ஆயா வேலை, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, தம்பி வீடுதான் உலகம். பக்கத்து வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். அதனால் செக்கப்புக்குப் போனபோது வீக்கத்தைப் பற்றி இருவரும் சொல்லவே இல்லை.

சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. டாக்டர் வனஜாக்ஷி மௌரீனின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் மற்ற கையில் பார்த்தார்.

"பிபி ஜாஸ்தி இதெ. நூத்தம்பதுக்கு நூறு. யூரின்ல புரோட்டீனும் போகுது."

"பிபியா? இவளுக்கா?" லாயிட் சிரித்துவிட்டான். "மேடம், இவளுக்குக் கோவமே வராது. எங்க வீட்ல அந்த டியூட்டி என்னுது."

"கோவத்துக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்லப்பா. இது கர்ப்பத்துல வர்ற பிபி. இது வேற."

டாக்டருக்கு மைசூர்ப் பக்கம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். மாத்திரை எழுதினார், ரத்தம் டெஸ்ட் எழுதினார், பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு இருவரையும் பார்த்துச் சொன்னார்: "விடாத தலைவலி வந்தா, கண்ணு மங்கினா, மின்னல் மாதிரி தெரிஞ்சா, இங்க நெஞ்சுக்குழிக்குக் கீழ வலிச்சா, கொழந்தை அசையறது கம்மி ஆனா, நாளைக்குப் பாக்கலாம்னு இருக்கக் கூடாது. தக்ஷணா பரபேக்கு. அந்த நிமிஷமே வரணும். கொத்தாய்தா?"

கொத்தாய்த்து, தெரிந்தது என்று இருவரும் தலையாட்டினார்கள்.

டாக்டர் எழுதியது நாலைந்து டெஸ்ட்தான். லேபில் உட்கார்ந்திருந்த பெண், "சார், தனித்தனியா எடுக்கறதுக்கு ஃபுல் பாடி பேக்கேஜ் எடுத்துக்கங்க, எல்லாமே வந்துடும்" என்றாள். எல்லாமே என்ற வார்த்தை லாயிட்டுக்குப் பிடித்திருந்தது. எடுத்தான்.

எல்லாமே வந்தது. மறுநாள் வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மாரத்தஹள்ளி சிக்னலில் நிற்கும்போது போனில் ரிப்போர்ட் இறங்கியது. பக்கம் பக்கமாகக் கறுப்பு எழுத்து. அங்கங்கே சிவப்பு அம்பு, எல்லாம் மேலே பார்த்து நிற்கிற அம்பு. கொழுப்பு மேலே, யூரிக் ஆசிட் மேலே, சுகர் கொஞ்சம் மேலே, லிவர் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று மேலே. பிபி ஒன்று என்று போனவளுக்கு இத்தனை நோயா? டாக்டரைப் பார்க்க இன்னும் நாள் இருந்தது. அதுவரை சும்மா இருக்கிற ஆளா அவன்?

முன் சீட்டில் உட்காரும் ஷ்ரேயாஸிடம் போனை நீட்டினான். படித்த பையன், கம்ப்யூட்டர் வேலை.

"ட்ரைகிளிசரைட்ஸ் ரொம்ப ஹை லாயிட். அதாவது ரத்தத்துல கொழுப்பு. எங்கப்பாவுக்கும் இதேதான். எண்ணெய், நெய், தேங்காய், மஞ்சக்கரு எல்லாம் கட் பண்ணிடுங்க."

மரத்தடிக்கு வந்ததும் வெங்கியிடம் காட்டினான். வெங்கி தர்மபுரிக்காரன், இன்னொரு வேன் டிரைவர். யூரிக் ஆசிட் என்று கேட்டதுமே செருப்பைக் கழற்றி வீங்கிய கட்டை விரலை முன்னால் நீட்டினான்.

"இது நம்ம டிபார்ட்மென்ட் குரு! இந்த வெரலைப் பாரு. ராத்திரில பெட்ஷீட் பட்டாக்கூட உயிர் போவும். மட்டன் கூடாது, மீன் கூடாது, பருப்பு கூடாது, காளான், காலிஃபிளவர் எதுவும் கூடாது."

"ஷ்ரேயாஸ் வேற எண்ணெய் கூடாதுன்றான்டா. அவங்கப்பாவுக்கும் இதேதானாம்."

"அவங்கப்பாவுக்கு எத்தினி மாசம்?"

மரத்தடி முழுக்கச் சிரித்தது. லாயிட்டும் சிரித்தான். சிரித்தானே ஒழிய, ஷ்ரேயாஸ் சொன்னதையும் வெங்கி சொன்னதையும் மனசில் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான்.

சுகரை எமல்டா அக்கா எடுத்துக்கொண்டாள். அவளுக்கே சுகர் என்பதால் அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. "சோறு ஒரு கரண்டிக்கு மேல கூடாது. பழம் கூடாது. உருளைக்கிழங்கு கண்ணாலயும் பாக்கக் கூடாது." லிவர் என்றதும் மஞ்சள்காமாலை ஞாபகம் வந்து, தினம் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்தாள். பிபிக்கு உப்பு ஆகாது என்பது ஊருக்கே தெரியும், அதை லாயிட்டே நிறுத்திவிட்டான்.

ஆக, ஒவ்வொரு அம்புக்கும் ஓர் ஆள் பொறுப்பு. மௌரீன் தட்டில் மிச்சம் இருந்தது கோதுமை ரவைக் கஞ்சி, வேகவைத்த சுரைக்காய், உப்பில்லாத மோர்.

"இது யாருக்கு? பூனைக்கா?" என்றாள் மௌரீன்.

"உனக்குத்தான். நாலு நாள் பொறுத்துக்கோ. அம்பெல்லாம் கீழ எறங்கட்டும்."

"அம்பு எறங்கறதுக்குள்ள நான் எறங்கிடுவேன்பா."

"சும்மா பேசாத. இந்த வாட்டி எதுலயும் ரிஸ்க் எடுக்க முடியாது."

இந்த வாட்டி என்ற வார்த்தையைக் கேட்டதும் மௌரீன் ஸ்பூனை எடுத்தாள். முன்னால் போன இரண்டும் ஞாபகம் வந்திருக்கும். சுரைக்காயைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அவளுக்கும் பயம்தானே. உனக்காகத்தான் என்று சொல்லித் தருவதை வேண்டாம் என்று தள்ள எந்தக் கர்ப்பிணிக்கு மனசு வரும்?

அடுத்த செக்கப்பில் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். பேக்கேஜில் வந்த பாதிப் பக்கங்களைப் பார்க்கவே இல்லை. மாத்திரையைக் கொஞ்சம் ஏற்றி எழுதினார், ஸ்கேன் எழுதினார், குழந்தை கொஞ்சம் சின்னதாக இருக்கிறது என்றார்.

"சாப்பாடு எல்லாம் ஃபுல் கன்ட்ரோல்ல வெச்சிருக்கோம் மேடம்" என்றான் லாயிட் பெருமையாக.

டாக்டர் எழுதிக்கொண்டே, "ஒள்ளேது" என்றார். நல்லது என்று அர்த்தம். அவர் என்ன நினைத்துச் சொன்னாரோ, லாயிட்டுக்கு அது சர்ட்டிபிகேட் கொடுத்த மாதிரி இருந்தது. வெளியே நர்ஸ் எடை பார்த்தாள். போன வாரத்தைவிட நன்றாகவே ஏறியிருந்தது.

இங்கேதான் குழப்பம் பெரிதானது. வீட்டுக்கு வந்து சொன்னதும் எமல்டா அக்கா இடுப்பில் கையை வைத்தாள்.

"வெறும் கஞ்சி குடிக்கிறவளுக்கு எப்பிடிடா வெயிட் ஏறும்?"

"அதாங்க்கா எனக்கும் புரியல."

"பக்கத்து வீட்டுக்காரி பேரு வெச்சதுக்கு கேசரி குடுத்தனுப்பிச்சா இல்ல?"

"அண்ணி, அத நான் தொடவே இல்ல," என்றாள் மௌரீன் உள்ளேயிருந்து.

"தொடாம கிண்ணம் எப்பிடி காலியா திரும்பிப் போச்சு?"

"உங்க தம்பி தொட்டாரு!"

அக்கா லாயிட்டைப் பார்த்தாள். லாயிட் மேலே சுவரைப் பார்த்தான். இருந்தும் அக்காவுக்குச் சந்தேகம் தீரவில்லை. சாயங்காலம் பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்ததை மௌரீன் பார்த்துவிட்டாள். கல்யாணத்துக்கு ஊரே எதிர்த்தபோது இவள் பக்கம் நின்ற ஒரே ஆள் அந்த அக்காதான். அந்த அக்கா தன்னைத் திருடி என்று நினைத்துவிட்டாளே என்பதை மௌரீனால் தாங்க முடியவில்லை.

"என்ன தின்னேன்னு வாயத் தொறந்து காட்டட்டுமா அண்ணி? பாருங்க, நல்லா பாருங்க!"

கோபமே வராதவள் கத்தினாள். கத்திவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். "டென்ஷன் ஆகாத, பிபி ஏறும்" என்று லாயிட் இந்தப் பக்கம் வந்தான். "அவளை டென்ஷன் பண்ணாதக்கா" என்று அந்தப் பக்கம் போனான். யார் சொல்வது சரி என்று அவனுக்கு விளங்கவில்லை. சாப்பிடாதவளுக்கு எடை ஏறுகிறது. கோபப்படாதவளுக்கு பிபி ஏறுகிறது. மாத்திரை போட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. இது என்ன கணக்கு? கால் வேறு தினம் தினம் உப்பிக்கொண்டே போனது. விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளம் அப்படியே நின்றது.

சனிக்கிழமை மௌரீனுக்குத் தலைவலி வந்தது. நெற்றிப் பக்கம் இறுக்கிக் கட்டின மாதிரி வலி. நெஞ்சுக்குழிக்குக் கீழேயும் என்னவோ அழுத்துகிறது என்றாள்.

"பசி" என்றாள் அவளே. "பசில தல வலிக்குது. காலி வயித்துல கேஸ் ஏறிக்கிச்சு. ஒரு கை சோறு ஒழுங்கா தின்னா எல்லாம் போயிடும்."

லாயிட்டுக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் டாக்டர் சொன்ன தலைவலி வேறு, அது ஏதோ பெரிய தலைவலி, ஆளைக் கீழே தள்ளுகிற மாதிரி வரும் என்று அவன் நினைத்திருந்தான். இது பசித் தலைவலி. உபவாச நாளில் அவனுக்கே வரும். காரணம் இவ்வளவு தெளிவாகக் கண் முன்னால் நிற்கும்போது வேறு காரணத்தைத் தேடுவானேன்? அவளைப் பட்டினி போட்டதில் அவனுக்கே உள்ளுக்குள் உறுத்தல். பசிதான் என்று அந்த உறுத்தலும் அவனைச் சொல்லவைத்தது.

ஞாயிற்றுக்கிழமை எமல்டா அக்கா பூசைக்குப் போனாள். பூசை முடிந்து, சர்ச் வாசலில் மாதா சிலை இருக்கிற கெபியில் ஜெபமாலை சொல்லிவிட்டு வர நேரமாகும். லாயிட் கதவைச் சாத்திவிட்டு ஓடினான். முனையில் இருக்கிற மெஸ்ஸில் சோறு, மட்டன் குழம்பு, வஞ்சிர மீன் வறுவல், இரண்டு அவித்த முட்டை என்று கட்டிக்கொண்டு வந்தான். அம்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டலம் வாங்கின மாதிரி இருந்தது.

மௌரீன் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு அவனைப் பார்த்தாள். "அண்ணிக்குத் தெரிஞ்சா?"

"எலும்ப நான் கொண்டுபோய் வெளியே போட்டுடறேன். நீ சாப்பிடு."

"மீன்ல உப்பு இருக்கே."

"இருக்கட்டும்டி. சாப்பிடு."

சாப்பிட்டாள். அவள் விரலை நக்கிச் சாப்பிட்டதைப் பார்த்து லாயிட்டுக்குக் கண் கலங்கியது. காதலிக்கிற காலத்தில் சர்ச் திருவிழாவில் ஒரே தட்டில் சாப்பிட்ட மாதிரி இருவரும் முட்டையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மீன் முள்ளை அவனே எடுத்துக் கொடுத்தான். வயிறு நிறைந்ததும் அவள் கை கழுவிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இருவரும் தலைவலி போவதற்காகக் காத்திருந்தார்கள்.

போகவில்லை.

"கொஞ்ச நேரம் ஆகும்" என்றான் லாயிட். "சோறு செரிக்கணும் இல்ல."

கொஞ்ச நேரம் ஆனது. மௌரீன் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

"ஏம்பா, அந்த டியூப் லைட்டு ரிப்பேரா? பளிச் பளிச்சுன்னு அடிக்குது."

லாயிட் நிமிர்ந்து பார்த்தான். வெளியே நல்ல வெயில். "லைட்டே போடலையேடி."

"வெள்ள வெள்ளையா என்னமோ பறக்குது. நீ பாக்கல?"

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. சாப்பிட்டதெல்லாம் அப்படியே வெளியே வந்தது. தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் லாயிட்டுக்கு உறைத்தது. வயிறு நிறைந்தது, வலி போகவில்லை. அப்படியானால் இது பசி இல்லை. நேற்று வந்ததும் பசித் தலைவலி இல்லை. பசியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது என்ன? டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னது.

போனை எடுத்தான். வழக்கம்போல யார் பெயரையாவது தேட விரல் போனது. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அவளைத் தூக்கினான்.

வாசலில் எமல்டா அக்கா ஜெபமாலையோடு வந்துகொண்டிருந்தாள். "என்னடா, எங்கடா?"

"ஆஸ்பத்திரிக்கு."

"இரு, ஃபாதரை வந்து ஒரு ஜெபம்..."

"வேன்ல வந்து பண்ணுக்கா! ஏறு!"

கம்பெனி வேனை ஞாயிற்றுக்கிழமை எடுக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் அன்றைக்கு லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. பின் சீட்டில் அக்காவின் மடியில் தலையை வைத்து மௌரீன் கிடந்தாள். அக்கா மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். லாயிட் வாழ்க்கையில் முதல் முறையாக ஹாரனிலிருந்து கையை எடுக்காமலே வண்டி ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பட்டையைச் சுற்றினாள். நம்பரைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் உள்ளே ஓடினாள். நம்பரைச் சொல்லியிருந்தால்கூட லாயிட் இவ்வளவு பயந்திருக்க மாட்டான். ஐந்தாறு பேர் வந்தார்கள். கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். உடம்பெல்லாம் தீயாக எரிகிறது என்று மௌரீன் முனகினாள். அது வலிப்பு வராமல் இருக்கப் போடுகிற மருந்து, அப்படித்தான் சூடாக இருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். வலிப்பா? தலைவலி என்று வந்தவளுக்கு வலிப்பா?

டாக்டர் வனஜாக்ஷி வந்துவிட்டார். "கடைசியா என்ன சாப்பிட்டாங்க? எவ்வளவு நேரம் ஆச்சு? ஆபரேஷனுக்கு முன்னாடி தெரியணும்."

லாயிட் அக்காவைப் பார்த்தான். பொய் சொல்லக்கூடிய நேரமா இது?

"சோறு. மட்டன். மீன் வறுவல். முட்டை. இப்பத்தான், மத்தியானம். வாந்தி எடுத்துட்டா."

"மட்டனா?" அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டாள். "நான் அங்க மாதா முன்னாடி முழங்கால் போட்டுட்டு இருக்கேன், நீ இங்க மட்டன் வாங்கிக் குடுத்தியாடா பாவி?"

"மேடம், அதனாலயா? நான் குடுத்ததுனாலயா?" லாயிட் டாக்டர் பக்கம் திரும்பினான். "பத்து நாளா ஒண்ணுமே குடுக்கல மேடம். உப்பு குடுக்கல, கறி குடுக்கல, எண்ணெய் குடுக்கல, பழம் குடுக்கல. இன்னிக்கு ஒரு நாள்தான்..."

டாக்டர் அவனையே பார்த்தார். "பத்து நாளா என்ன குடுத்தீங்க?"

"கஞ்சி. சுரைக்காய்."

"அய்யோ தேவரே" என்றார் டாக்டர். கோபத்தில் இன்னும் என்னவோ சொல்ல வந்து, நேரமில்லாமல் விட்டுவிட்டார். "கேளு லாயிட். இதுக்கு மருந்து ஒண்ணே ஒண்ணுதான். கொழந்தையை வெளிய எடுக்கணும், அது கூட நஞ்சுக்கொடியையும் எடுக்கணும். பிபி கொஞ்சம் கையில வந்ததும் தியேட்டருக்குப் போறோம். கொழந்தைக்கு இன்னும் மாசம் முடியல. ஆனா உள்ள இருந்தா ரெண்டு பேருக்கும் டேஞ்சர்."

"ரெண்டு பேரும் பொழைப்பாங்களா?"

"அதுக்குத்தான் அவசரமா எடுக்கறோம்."

அது ஆம் என்றா, இல்லை என்றா? லாயிட்டுக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டான். கதவு மூடிக்கொண்டது.

சாயங்காலம் வரை பெஞ்சில் அக்காவும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். மட்டனால் வந்ததா, மட்டன் இல்லாததால் வந்ததா? கீழாநெல்லி சூடா? பிஸ்கட் டின்னைத் திறந்ததில் வந்த கோபமா? லாயிட் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். எதை எடுத்தாலும் பொருந்துகிற மாதிரி இருந்தது. எதுவும் பொருந்தாத மாதிரியும் இருந்தது.

கதவு திறந்தது. பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்கும் குறைவு, உள்ளங்கையில் அடங்கிவிடும். அழுதது, அது நல்லது என்றார்கள். துடைத்து, சுற்றி, லாயிட்டுக்கு ஒரே ஒரு பார்வை காட்டிவிட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மௌரீனுக்கு நினைவு இருந்தது. வலிப்பு வரவில்லை.

டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்து பெஞ்சில் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். இப்போது அவருக்கு நேரம் இருந்தது.

"இது சாப்பாட்டுனால வர்ற வியாதி இல்ல. கொழந்தைக்குச் சாப்பாடு போற வேர் இருக்கு பாரு, நஞ்சுக்கொடி, அது ஆரம்பத்துலயே கர்ப்பப்பையில சரியா ஊனல. ரத்தம் பத்தாம அது என்னென்னமோ ரசாயனத்தை அம்மா ரத்தத்துல விட்டுடுது. அது ரத்தக் குழாயெல்லாம் இறுக்குது, பிபி ஏறுது. கிட்னி சோர்ந்து போகுது, அதனால யூரிக் ஆசிட் தங்கிடுது. குழாயிலேருந்து தண்ணி கசிஞ்சு உடம்புல நிக்குது, அதான் வீக்கம், அதான் வெயிட். லிவர், கொழுப்பு, சுகர் எல்லாம் அது கூட சேர்ந்து ஆடுது. நீங்க ஆளுக்கு ஒரு அம்பைப் புடிச்சு இழுத்தீங்க. எல்லாம் ஒரே எடத்துலேருந்து வந்தது."

"கறி தின்னதால யூரிக் ஆசிட் ஏறலையா?"

"இல்ல."

"அப்ப எடை ஏறினது..." அக்கா ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"தண்ணி" என்றார் டாக்டர்.

அக்கா ஜெபமாலையை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

"சரி மேடம். எங்களுக்கு மட்டும் ஏன் அந்த வேர் சரியா ஊனல?" என்றான் லாயிட்.

"முதல் பிரசவம், வயசு, அதெல்லாம் கொஞ்சம் காரணம். ஆனா இவளுக்கு ஏன், அந்த பெட்டுல இருக்கறவளுக்கு ஏன் இல்லன்னா, எங்களுக்கே முழுசா கொத்தில்லப்பா."

லாயிட் இதைத்தான் எதிர்பார்க்கவில்லை. டாக்டருக்கே தெரியாதா? தெரியாது என்று வெங்கி சொன்னதில்லை, ஷ்ரேயாஸ் சொன்னதில்லை, அக்கா சொன்னதே இல்லை. இவ்வளவு படித்தவர் சொல்கிறார்.

"பசி?" என்று கடைசியாகக் கேட்டான். "நாங்க பட்டினி போட்டோமே?"

டாக்டர் எழுந்தார். "பசி இதைக் கொண்டுவரல. ஆனா பசி தாய்க்கும் நல்லது பண்ணல, கொழந்தைக்கும் நல்லது பண்ணல. அது மட்டுமில்ல, உங்க கண்ணையும் மறைச்சுடுச்சு. சனிக்கிழமையே கூட்டிட்டு வந்திருக்கணும்."

அன்றோடு முடிந்துவிடும் என்று லாயிட் நினைத்தான். வேரை எடுத்தாயிற்றே. ஆனால் மூன்றாம் நாள் மௌரீனுக்கு பிபி மறுபடி ஏறியது. லாயிட் நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டான். எடுத்தா சரியாயிடும்னு சொன்னீங்களே, இப்ப என்ன சொல்றீங்க? உடம்பு பழைய நிலைக்கு வரச் சில வாரம் ஆகும், மாத்திரை போட வேண்டும் என்றார்கள். இதுவும் போதாதென்று, வீட்டுக்குப் போன பிறகும் வருஷா வருஷம் பிபி, சுகர், கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும், இப்படி வந்தவர்களுக்குப் பின்னால் இதயத்தில் தொந்தரவு வர வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். லாயிட் சரி சரி என்று தலையாட்டினான். புரிந்ததா என்றால் பாதி புரிந்தது. மௌரீன் கண் மங்காமல் அவனைப் பார்க்கிறாள், கால் வீக்கம் வடிந்து கணுக்கால் எலும்பு தெரிகிறது, அவ்வளவு புரிந்தது.

எமல்டா அக்கா மட்டும் வார்டுக்குள் வரவே இல்லை. துணி துவைத்துக் கொண்டுவருவாள், வெந்நீர் கொண்டுவருவாள், வாசலில் லாயிட் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள்.

"உள்ள வாக்கா."

"இல்லடா. இருக்கட்டும்."

"ஏன்?"

அக்கா தரையைப் பார்த்தபடி கேட்டாள். "கொழந்தை சின்னதா போச்சே, அது என்னாலயாடா?"

"வேராலன்னு டாக்டர் சொன்னாங்களே."

"அவங்க சொன்னாங்க. நீ சொல்லு."

லாயிட் யோசித்தான். இல்லை என்று சொல்லிவிடலாம். அக்காவுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் பட்டினி நல்லது பண்ணல என்றும் அதே டாக்டர்தான் சொன்னார். எவ்வளவு வேரால், எவ்வளவு கஞ்சியால்? யாரைக் கேட்டாலும் இதற்குப் பதில் வராது என்று அவனுக்குத் தோன்றியது.

"எனக்குத் தெரியலக்கா" என்றான். "நீ மட்டுமில்ல. நானும்தான். தெரியல."

அக்கா அழுதாள். அவன் தடுக்கவில்லை.

"ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க?" உள்ளேயிருந்து மௌரீனின் குரல். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி கையால் பாலைப் பீய்ச்சிச் சின்னக் கிண்ணத்தில் எடுத்திருந்தாள். மஞ்சளாக, கெட்டியாக, ஒரு ஸ்பூன் இருந்தால் அதிகம். அதை எடுக்கவே அவளுக்கு வியர்த்து ஊற்றியிருந்தது. எழுந்து நடக்க இன்னும் விடவில்லை. குழந்தை இருக்கிற அறை இன்னொரு மாடியில்.

"அண்ணி, இங்க வாங்க. இத கொண்டுபோய் குடுக்கணும். இவரு கையில குடுத்தா வழில யாரையாவது பாத்து நின்னுடுவாரு."

அக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மௌரீன் கிண்ணத்தை நீட்டினாள். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சிந்தாம போங்க அண்ணி. இதுக்கு மேல இன்னிக்கு வராது."

நடையில் விசிட்டர்களும் ஸ்ட்ரெச்சரும் சாப்பாட்டு வண்டியுமாகக் கூட்டம். லாயிட் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து, "ஓரம், ஸ்வல்ப ஜாக பிடி, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே நடந்தான். என்னவோ பெரிய சாமான் வருகிறது என்று எல்லாரும் சுவரோடு ஒதுங்கினார்கள். பின்னால் எமல்டா அக்கா, கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஒவ்வோர் அடியாக வைத்து வந்தாள்.